சனிக்கிழமை நிரம்பும், செவ்வாய்க்கிழமை யார் வருவார்?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சொல்கிறேன். பெற்றோரின் பெரிய வீடு அவருக்கும் அவர் தம்பிக்கும் பொதுவாக வந்திருக்கிறது. விடுமுறைக்கு ஆட்கள் வந்துபோகும் ஊர். வீட்டை 5 அறைகள் கொண்ட கெஸ்ட் ஹவுஸாக மாற்றலாம் என்பது தம்பியின் யோசனை. ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் பணம் கொடுத்துச் சந்தை அறிக்கை வாங்கியிருக்கிறார்கள். அந்த ஊரில் சராசரியாக 70 சதவீத அறைகள் நிரம்புகின்றன என்று அதில் இருக்கிறது. தம்பியும் தன் பங்குக்கு அடுத்தடுத்துச் சில சனிக்கிழமைகளை அறை புக்கிங் ஆப்பில் தேடிப் பார்த்திருக்கிறார், எங்கும் காலி அறை காட்டவில்லை. வாசகி தனக்குத் தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களில் 'இப்படி ஓர் இடம் இருந்தால் வந்து தங்குவீர்களா?' என்று கேட்க, எல்லாரும் 'கண்டிப்பாக' என்றிருக்கிறார்கள். வீட்டை அடமானம் வைத்துக் கடன் தர வங்கி சம்மதித்துவிட்டது. வாசகியின் ஓய்வுக்காலப் பணத்திலிருந்தும் ஒரு பகுதி போகப்போகிறது.

அவர் கேட்பவை: இந்த ஆய்வு போதுமா? மற்றவர்களைவிட வாடகையைக் குறைத்து வைத்து ஆரம்பிக்கலாமா? அக்கம்பக்கத்து விடுதிக்காரர்களிடம் போய்ப் பேசினால் தப்பா? கடைசியில் ஒரு வரி: 'இன்னும் விசாரிக்கலாம் என்று சொன்னால் தம்பியைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.'

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கணக்குக் கேட்பது சந்தேகம் ஆகாது. வீடு இருவருக்கும் சொந்தம், கடனிலும் இருவர் கையெழுத்து இருக்கப்போகிறது. தம்பியின் யோசனை நல்லதாகவே இருக்கலாம். ஆனால் இப்போது கையில் இருக்கும் ஆய்வை வைத்து அதைச் சொல்ல முடியாது. அறிக்கை, ஆப், வாட்ஸ்அப் என்று மூன்று வழியில் தேடியிருக்கிறீர்கள். மூன்றிலும் கிடைத்திருப்பது 'ஊருக்கு ஆள் வருகிறதா?' என்பதற்கான பதில். ஆள் வருவது உங்களுக்கு முன்பே தெரியும். கூட்டமில்லாத நாளில், உங்கள் வீட்டில், உங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகை கொடுத்து யார் தங்குவார் என்பதை இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.

70 சதவீதம் என்றால் எத்தனை இரவு?

சதவீதத்தை இரவுகளாக மாற்றிப் பார்த்துவிடுவோம். ஓர் அறை ஓர் இரவு என்பதை ஓர் 'அறை இரவு' என்று எண்ணுவோம். 5 அறைகள், 365 நாள்கள் என்றால் ஆண்டுக்கு 1,825 அறை இரவுகள். அதில் 70 சதவீதம் ஏறக்குறைய 1,278. வெள்ளி, சனி இரவுகள் ஆண்டுக்கு 104. ஒரு வாரம்கூட விடாமல் ஐந்து அறையும் நிரம்பினாலும் அவற்றிலிருந்து 520 அறை இரவுகள்தான் வரும், அதாவது 28 சதவீதம். மீதி 758 இரவுகள் ஞாயிறு முதல் வியாழனுக்குள் வந்தாக வேண்டும். மழைக்காலம், பரீட்சைக் காலம் எல்லாம் சேர்த்து ஆண்டு முழுக்க வார நாள்களில் 58 சதவீதம் நிரம்ப வேண்டும். தம்பி பார்த்த சனிக்கிழமைகள் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அந்த 70 எங்கிருந்து வந்தது என்று ஆலோசனை நிறுவனத்திடம் கேளுங்கள். பணம் கொடுத்து வாங்கிய அறிக்கை, கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எந்த விடுதிகள், எந்த மாதங்கள்? பெரிய ஓட்டல்கள் பயண முகவர்கள் அனுப்பும் குழுக்களையும் கம்பெனி ஒப்பந்தங்களையும் வைத்து வார நாள்களை நிரப்புகின்றன. 5 அறை வீட்டுக்கு அந்த வழி இல்லை. சீசன் இல்லாதபோது கதவைச் சாத்திவிடும் விடுதிகளை அந்த மாதங்களில் எண்ணாமல் விட்டிருந்தால், சராசரி தானாக ஏறிவிடும். அதையும் கேளுங்கள்.

'ஆண்டுக்கு இத்தனை லட்சம் பயணிகள்' என்று அறிக்கையில் வரும் எண்ணையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐநாவின் சுற்றுலாப் புள்ளிவிவர வரையறைப்படி ஊருக்கு வருபவரெல்லாம் வருகையாளர்கள். குறைந்தது ஓர் இரவாவது தங்குபவர் மட்டுமே சுற்றுலாப் பயணி, காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர் பகல்நேர வருகையாளர். நுழைவுச் சீட்டையோ வாகனங்களையோ எண்ணி எடுத்த கணக்கில் இருவரும் கலந்திருப்பார்கள். தங்குபவர்களிலும் கணிசமானவர்கள் சொந்தக்காரர் வீட்டில் தங்குவார்கள்.

வாட்ஸ்அப் பதில்களை ஒதுக்கி வைத்துவிடலாம். உங்கள் மேல் அன்பு உள்ளவர்களிடம் 'வருவீர்களா?' என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? அதே ஆட்களிடம் வேறு மாதிரி கேளுங்கள்: கடைசியாக வெளியூர் போனது எந்த மாதம், எந்தக் கிழமை, எங்கே தங்கினீர்கள், எத்தனை இரவு, ஓர் இரவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நடந்ததைக் கேட்டால் பதில் நம்பும்படி இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது எத்தனை இரவு?

70 வருமா வராதா என்ற வாதத்தை விடுங்கள். நஷ்டமில்லாமல் நடத்த எத்தனை இரவு வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஓர் இரவு வாடகையை 100 என்று வைத்துக்கொள்வோம். புக்கிங் தளங்களின் கமிஷன் பெரும்பாலும் 15 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அது போனால் 85. சலவை, துப்புரவு, காலை உணவு, மின்சாரம் என ஒரு விருந்தினர் தங்கினால் மட்டும் ஆகும் செலவு 25 என்று வைப்போம். மீதி 60. கடன் தவணை, சம்பளம், காப்பீடு, வரி, பராமரிப்பு என்று ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு இதே அளவில் ஆண்டுக்கு 42,000 என்றால், 700 இரவுகள் வேண்டும். இவை நான் உதாரணத்துக்குப் போட்ட எண்கள். தம்பியோடு உட்கார்ந்து உங்கள் எண்களைப் போடுங்கள், உங்கள் இருவரின் உழைப்புக்கும் ஒரு சம்பளம் வைத்து.

700 இரவு என்பது 38 சதவீதம்தான். கேட்கச் சுலபமாக இருக்கிறது. வார இறுதிகள் எல்லாம் நிரம்பினால் 520 கிடைத்துவிடும், மீதி 180. வாரத்துக்கு மூன்று நான்கு இரவு. ஆனால் புது இடத்துக்கு எல்லா வார இறுதியும் நிரம்பாது. 70 சதவீத வார இறுதி என்று வைத்தால் 364 இரவு. அப்போது வார நாள்களில் 336 தேட வேண்டும், வாரத்துக்கு ஆறேழு.

வாடகையைக் குறைக்கும் யோசனை கையைக் கடிப்பது இங்கேதான். 100-ஐ 80 ஆக்கினால் கமிஷன் 12 ஆகக் குறையும். ஆனால் சலவையும் காலை உணவும் அதே 25தான். கையில் நிற்பது 43. அதே 42,000-க்கு இப்போது 977 இரவு வேண்டும். வாடகையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்ததற்கு ஏறக்குறைய 40 சதவீதம் அதிக ஆள் வர வேண்டும். வார இறுதியில் குறைப்பதற்கு அவசியமே இல்லை, அன்றைக்கு ஊரில் இடம் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். வார நாளில், அதுவும் இரண்டு மூன்று இரவு சேர்த்துத் தங்குபவருக்கு மட்டும் குறையுங்கள். மூன்று இரவு தங்குபவருக்கு விரிப்பு மாற்றுவதும் அறை கழுவுவதும் ஒரே முறை என்பதால் அந்தக் குறைப்பு தாங்கும்.

ஆப்பில் தெரிவதும் தெரியாததும்

தம்பி பார்த்தது பொய்யில்லை. ஆனால் 'காலி இல்லை' என்று காட்டுவதெல்லாம் விற்றுப்போன அறை இல்லை. வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பியின் நாட்காட்டியில் அடைபட்ட தேதியை விருந்தினர் எடுத்திருக்கலாம், வீட்டுக்காரரே தன் சொந்தக்காரர்களுக்காக அடைத்து வைத்திருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். குறைந்தது இரண்டு இரவு என்று நிபந்தனை வைத்த இடம், ஓர் இரவுக்குத் தேடினால் பட்டியலிலேயே வராது. 'ஒரே ஓர் அறைதான் மீதி' என்ற வாசகமும் அந்தத் தளத்துக்கு ஒதுக்கிய அறைகளை மட்டுமே குறிக்கும். இதைத் தெளிவாகச் சொல்வதாக 2019 டிசம்பரில் புக்கிங் டாட் காம் ஐரோப்பிய ஆணையத்திடம் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, அப்படியானால் எப்படிப் பார்ப்பது? உங்கள் வீட்டோடு ஒப்பிடக்கூடிய பத்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: ஏறக்குறைய அதே அறை எண்ணிக்கை, அதே மாதிரி வசதி. நான்கு வாரம் கழித்து வரும் ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்று அந்தப் பத்து இடங்களிலும் அந்தச் செவ்வாய்க்கு என்ன வாடகை, அறை இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு வாரம் முன்பு மறுபடி பாருங்கள், முந்தின நாள் சாயங்காலம் கடைசியாகப் பாருங்கள். தேதி நெருங்க நெருங்க வாடகை இறங்கினால் அறை போகவில்லை என்று பொருள். முந்தின நாள் சாயங்காலமும் திறந்தே இருக்கும் அறை அநேகமாக அன்றிரவு பூட்டியே கிடக்கும். இதை வாரா வாரம் ஒரு புதுச் செவ்வாய்க்கிழமைக்குச் செய்யுங்கள், சீசன் இல்லாத மாதங்களையும் கட்டாயம் சேர்த்து. காசு செலவில்லாத வேலை. பொறுமை மட்டும் வேண்டும், ஆசிரியையாக இருந்த உங்களுக்கு அது கைவந்த கலையாகத்தான் இருக்கும்.

அதே இடங்களின் ரிவியூக்களையும் உட்கார்ந்து படியுங்கள். எண்ணிக்கையை வைத்து மொத்தப் புக்கிங்கைக் கணக்கிட வேண்டாம், தங்கியவர்கள் எல்லாரும் எழுதுவதில்லை. ஆனால் யார் வருகிறார்கள் என்பது அதில் இருக்கிறது. புக்கிங் டாட் காமில் ஒவ்வொரு ரிவியூவின் ஓரத்திலும் எந்த மாதம், எத்தனை இரவு, எந்த மாதிரி அறை, குடும்பமா தம்பதியா தனி ஆளா என்று போட்டிருக்கும். ஒரு நூறு ரிவியூவை மாத வாரியாகப் பிரித்து எழுதினாலே எந்த மாதத்தில் ஊர் காய்கிறது என்று தெரிந்துவிடும். நடுத்தரமான மதிப்பெண் கொடுத்தவர்கள் எழுதியதைக் குறிப்பாகப் படியுங்கள். சுடுதண்ணீர் காலை எட்டு மணிக்கு மேல்தான் வந்தது, பக்கத்து அறை பேச்செல்லாம் கேட்டது, இரவு பத்து மணிக்கு வந்தபோது கதவு திறக்க ஆளில்லை. இதே குறை நான்கு இடங்களில் வந்தால், உங்கள் தச்சரிடமும் பிளம்பரிடமும் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

வார நாளில் வருபவர் யார்?

ஏர்பிஎன்பியின் ஆரம்பத்தை இங்கே சொல்ல வேண்டும். 2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பு மாநாடு நடந்தபோது ஓட்டல்கள் நிரம்பிவிட்டன. வாடகை கட்டத் திணறிக்கொண்டிருந்த அதன் நிறுவனர்கள் பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் தங்கள் வீட்டுக் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு, மாநாட்டுக்கு வந்தவர்களைத் தங்கவைத்தார்கள். அந்த முதல் விருந்தினர்கள் விடுமுறைக்கு வரவில்லை, வேலையாக வந்தவர்கள்.

உங்கள் ஊருக்கும் வேலையாக வருபவர்கள் இருப்பார்கள். மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வருபவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருபவர்கள், கல்யாண வீட்டுக்கு இரண்டு நாள் முன்பே வந்து இறங்கும் குடும்பம், இயந்திரம் பொருத்த ஒரு வாரம் வரும் பொறியாளர், பள்ளி விடுமுறையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத ஓய்வு பெற்ற தம்பதிகள். இவர்களில் யார் உங்கள் ஊரில் உண்மையாகவே இருக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேட்க வேண்டும். கல்யாண மண்டப மேலாளரிடமும் கல்லூரி அலுவலகத்திலும் கேளுங்கள். விடுதிகளுக்குச் சலவை செய்து கொடுப்பவரிடம், எந்த விடுதி என்று பெயர் சொல்ல வேண்டாம், பொதுவாகத் திங்கள்கிழமை வரும் விரிப்புக்கும் வியாழக்கிழமை வரும் விரிப்புக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். எந்த அறிக்கையிலும் கிடைக்காத பதில் அது.

விடுதிக்காரர்களிடம் பேசுவது தப்பே இல்லை. இரண்டு இடங்களில் காசு கொடுத்துத் தங்குங்கள், ஒன்றில் வார நாளில். யார் என்று சொல்லிவிட்டே பேசுங்கள், ஆரம்பிக்கும் முன்பே பொய்யோடு அறிமுகமாக வேண்டாம். பலரும் மனம்விட்டுச் சொல்வார்கள். ஒன்றே ஒன்றில் கவனம்: 'நாம் எல்லாரும் இந்த வாடகைக்குக் கீழே போகக் கூடாது' என்ற பேச்சு வந்தால் விலகிக்கொள்ளுங்கள். போட்டியாளர்கள் கூடிப்பேசி விலை வைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம்.

அனுமதி, காப்பீடு, ஒப்பந்தம்

சொந்த வீடுதானே என்ற நினைப்பு வேண்டாம். குடியிருப்பு வீட்டில் காசுக்கு ஆள் தங்கவைக்க அனுமதி வேண்டுமா, ஆண்டுக்கு இத்தனை இரவு என்று வரம்பு உண்டா என்பது எல்லாவற்றுக்கும் முதலில் தெரிய வேண்டும். லண்டனில் முழு வீட்டைக் குறுகிய காலத்துக்கு விட, தனி அனுமதி இல்லாவிட்டால் ஆண்டுக்கு 90 இரவுதான். ஜப்பானில் 2018-இல் வந்த சட்டப்படி 180 நாள். நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல் பதிவு கட்டாயம், 30 நாளுக்குக் குறைவாகத் தங்குபவரோடு வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்தாக வேண்டும். பார்சிலோனா தன் சுற்றுலா அடுக்குமாடி வீடுகளின் உரிமங்களை 2028-க்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று 2024-இல் அறிவித்தது. விதி நடுவில் மாறலாம் என்பதற்காகச் சொல்கிறேன், உங்கள் கடனோ பல ஆண்டுக் கடன். உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வீட்டுக் காப்பீடு பொதுவாகக் காசு கொடுத்துத் தங்குபவரால் வரும் சேதத்தையோ அவருக்கு ஏற்படும் காயத்தையோ ஏற்காது. அதையும் எழுத்தில் கேளுங்கள். புக்கிங் தளத்தின் ஒப்பந்தத்தில், நேரடியாக வருபவருக்கு அதைவிடக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய பொருளாதாரப் பகுதியில் புக்கிங் டாட் காம் 2024-இல் அதைக் கைவிட்டது. மற்ற இடங்களில் ஒப்பந்தத்தைப் படித்தால்தான் தெரியும்.

கடனுக்கு முன் இருக்கும் வழிகள்

ஐந்து அறையும் ஒரே நேரத்தில் தயாராக வேண்டியதில்லை. அனுமதி கிடைத்தால் இரண்டு அறையை மட்டும் சீர்செய்து, சீசன் இல்லாத காலத்தில் ஆரம்பித்துப் பாருங்கள். அந்த இரண்டு அறையில் வார நாளில் கிடைத்தது எவ்வளவு என்ற உங்கள் சொந்தக் கணக்கு அந்த அறிக்கையைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. வங்கி ஒப்புக்கொண்ட தொகையை ஒரேயடியாக வாங்காமல் கட்டம் கட்டமாக எடுக்க முடியுமா, சம்மதக் கடிதத்தின் கெடுவை நீட்டிப்பார்களா என்று கேளுங்கள். விடுதி நடத்தத் தெரிந்த ஒருவருக்கு வீட்டைக் குத்தகைக்கு விடுவதும், மாத வாடகைக்கு விடுவதும் மற்ற வழிகள். வருமானம் குறைவு, ஆனால் ஆள் வராத இரவின் நஷ்டம் உங்கள் தலையில் விழாது. மாத வாடகை எவ்வளவு வரும் என்று இன்றே விசாரித்து எழுதிவையுங்கள். கெஸ்ட் ஹவுஸ் அதைவிட எவ்வளவு கூடுதலாகத் தந்தால் இத்தனை பாடு படலாம் என்பதை நீங்கள் இருவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் தம்பி. பெரும்பாலான கடன் ஒப்பந்தங்களில் இருவர் கையெழுத்துப் போட்டால், ஒருவர் கட்டாதபோது முழுத் தொகையையும் மற்றவரிடம் வங்கி கேட்கலாம். பாதி வீடுதானே என்னுடையது, பாதிக் கடன்தானே என்று நினைக்காதீர்கள். யார் எவ்வளவு பணம் போடுகிறார், யார் அங்கே இருந்து நடத்துகிறார், அவருக்குச் சம்பளம் என்ன, ஒருவர் விலக நினைத்தால் மற்றவர் எந்தக் கணக்கில் பங்கை வாங்கிக்கொள்வார் என்று எழுதி, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்திடுங்கள். அந்தத் தாளிலேயே ஓர் எண்ணையும் சேருங்கள்: வார நாள்களில் வாரத்துக்கு இத்தனை இரவுக்குக் கீழே போய், அப்படியே இத்தனை மாதம் நீடித்தால் நிறுத்திவிட்டு மாத வாடகைக்கு விடுவது என்று. உங்கள் ஓய்வுக்காலப் பணத்தில் எவ்வளவு வரை போனால் தாங்கும் என்பதைத் தம்பியிடம் சொல்லும் முன் நீங்கள் தனியாக உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தத் தொகைக்கு மேல் எவ்வளவு நல்ல சீசன் வந்தாலும் போட வேண்டாம். அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளில் சீசன் இல்லாத இரண்டு மாதமாவது நிரம்பும் வரை அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எண்ணும் வேலையைத் தம்பியும் நீங்களும் ஆளுக்கு ஐந்து இடம் என்று பிரித்துக்கொள்ளலாம்.